எந்த ‘வருகிறேன்’?

தெருமுனையில் சைக்கிள் மட்கார்டு லொடலொடவென்று ஆடும் சத்தம் கேட்டால், அம்மா அடுப்பில் இன்னொரு டம்ளர் தண்ணீர் கூட வைப்பாள். மாமா வருகிறார் என்று அர்த்தம். நான் பள்ளிக்கூடம் போன காலத்துச் சத்தம் அது. சொல்லிவிட்டு வரும் பழக்கமே அவருக்குக் கிடையாது.

இப்போதெல்லாம் யாரும் சொல்லாமல் வருவதில்லை. சொல்வதும் போனில், காலண்டர் ஆப்பில்.

தம்பி வேலை பார்க்கும் கம்பெனியின் ஆப் அது. புது வெர்ஷனில் குடும்பம் மொத்தத்தையும் சேர்த்துவிட்டிருந்தான்.

“தமிழ்லயே வருது அக்கா. ஆளுக்கொரு கலர். எப்பக் கிளம்பணும்னு அதுவே சொல்லும். சில பேருக்கு வாசிச்சும் காட்டும். வேற என்ன வேணும் உனக்கு?”

அம்மாவின் ஆபரேஷன் தேதியை அதில் போட்டு எல்லோருக்கும் அனுப்பினேன். பதிலுக்கு மூன்று பொத்தான்கள். பார்க்கலாம், வரவில்லை, வருகிறேன்.

மாமாவின் பெயர் உடனே பச்சையானது. வருகிறேன்.

ஒரு வருடமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். கூப்பிட்டால், “வேலைம்மா, வேலை” என்பார். கத்தியே வேண்டாம் என்று முரண்டு பிடித்த அம்மா, அந்தப் பச்சையைப் பார்த்த பிறகுதான் சம்மதித்தாள். “நேர்லதான் வர்றாரே, பேசிக்கலாம்” என்று அவளும் போன் செய்யவில்லை. நாங்களும் செய்யவில்லை.

ஆபரேஷன் அன்று காலை ஆஸ்பத்திரியில் மாமாவைக் காணோம்.

“தியேட்டர் ரெடி. போகலாமாம்மா?” என்றார் நர்ஸ்.

“எங்க அண்ணன் வரட்டும்.”

“இப்ப விட்டா டாக்டர் அடுத்த மாசம்தான் கிடைப்பாரு. உங்க உடம்பு அது வரைக்கும் தாங்காதும்மா.”

“அண்ணன் வரட்டும்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தம்பியைக் கூப்பிட்டேன்.

“மாமா பச்சைதான் காட்டுது. ஆப்ல தப்பே இல்ல அக்கா.”

“நீ எங்கடா?”

“நான்தான் ‘பார்க்கலாம்’னு போட்டிருந்தேனே. இங்க ஒரு முக்கியமான மீட்டிங்.”

எங்கள் வீட்டில் ‘பார்க்கலாம்’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? வைத்துவிட்டு மாமாவைப் பிடித்தேன்.

“அமுக்கத் தெரிஞ்ச உங்களுக்கு வரத் தெரியலையா மாமா? அம்மா தியேட்டர் வாசல்ல கிடக்கிறா.”

“தியேட்டரா? என்ன படம்?”

“ஆபரேஷன் தியேட்டர்!”



“எனக்கு யாரும் சொல்லலையேம்மா.”

“அப்ப ‘வருகிறேன்’னு அமுக்கினது யாரு?”

“அதுவா... போன்ல ஒரு பொண்ணு என்னமோ கடகடன்னு ஒப்பிச்சுது. ஒண்ணும் விளங்கலை. கடைசியில ‘வருகிறேன்’னு அழகாச் சொல்லிச்சு. சரி, கிளம்புது போலன்னு, ‘போயிட்டு வாம்மா’ன்னு தொட்டு வெச்சேன்.”

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. காலையிலிருந்து நின்ற கால்கள் மட்டும் வலித்தன. அம்மா கையை நீட்டினாள். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

“அண்ணா...”

“நீ உள்ள போம்மா. நான் வர்றேன்.”

“இது எந்த வர்றேன்? வர்ற வர்றேனா, போற வர்றேனா?”

“வர்ற வர்றேன்தான்.”

அம்மா நர்ஸைப் பார்த்துத் தலையாட்டினாள். கட்டில் நகர்ந்தது.

மதியம் அவளை வார்டுக்குக் கொண்டுவந்து வெகுநேரம் கழித்துத்தான் மாமா வந்தார், வாசல் காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு. ஒரு காலில் கறுப்புச் செருப்பு, இன்னொன்றில் பழுப்பு.

“செருப்பைக்கூடப் பார்க்காம அப்படி என்ன ஓட்டம் மாமா?”

“ரெண்டு பஸ் மாறணும்ல. எது எந்த பஸ்ஸுன்னு கேட்டுக் கேட்டு ஏறினேன். அதான் நேரமாயிடுச்சு. எங்க இருக்கா அவ?”

மயக்கம் முழுதாகத் தெளியாத அம்மா, அவர் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

தம்பியிடமிருந்து போன். மாமா வந்ததைச் சொன்னேன். “பாத்தியா, மாமா வந்துட்டார்ல? ஆப் சரியாத்தான் சொல்லுச்சு.”

“நீ எப்ப வர்றே?”

“பார்க்கலாம் அக்கா.”

மாமாவுக்குப் போன வருடமே இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டிருந்தது. தெரிந்தால் தங்கை தாங்கமாட்டாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.