வரி சைபர்

கையில் லேமினேஷன் போட்ட தாளோடு முத்துவேல் மாடிப்படி ஏறி வருவதைப் பார்த்ததும் ஆடிட்டர் மோகன்குமார் நாற்காலியை விட்டு எழுந்தான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். கீழே அவரோடு மில்லில் ஓய்வு பெற்றவர்கள் ஏழெட்டுப் பேர். ஆளுக்கொரு மஞ்சள் பை. உள்ளே கல்லாகத்தான் இருக்கும்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவனுக்கு 'ஆடிட்டர்' பட்டம் எழுதிக் கொடுத்தவர் போர்டு பெயிண்டர்தான். பி.காமில் இன்னும் இரண்டு பேப்பர் பாக்கி. அந்தக் குறை தெரியாமலிருக்கத்தான் கம்ப்யூட்டரும், வருமான வரி சாஃப்ட்வேரும் வாங்கி வைத்திருந்தான்.

போன வாரம் முத்துவேலுக்குக் கணக்குப் போட்டுத் தாளை நீட்டியபோது, "மெஷின் போட்டதுண்ணா, பிரம்மனே வந்தாலும் தப்பு கண்டுபிடிக்க முடியாது" என்று நெஞ்சை நிமிர்த்தியிருந்தான். பிரம்மன் வரவில்லை. நேற்று அவனே கண்டுபிடித்துவிட்டான்.

முப்பது வருஷ சர்வீஸ் முடித்தவர் எடுக்கும் பி.எஃப். பணத்துக்கு வரி கிடையாது. 'ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவரா?' என்று சாஃப்ட்வேர் மரியாதையாகக் கேட்டுமிருந்தது. இவன்தான் டீயை உறிஞ்சிக்கொண்டே என்டர் தட்டித் தாண்டிப் போயிருந்தான். மொத்தப் பணமும் வருமானத்தில் போய் உட்கார்ந்து, முத்துவேலைப் பெரும் பணக்காரராக்கி, தலையில் வரியையும் ஏற்றிவிட்டது.

அலறியடித்துச் சரி செய்து, புதுத் தாளை முத்துவேலின் ஊரான பெருநகருக்குப் போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான். இருந்தும் முத்துவேல் வாயைத் திறந்தால் போதும், மில் ஆட்கள் அத்தனை பேரும் காஞ்சிபுரத்து ஆடிட்டரிடம் போய்விடுவார்கள். இவன் போர்டைக் கழற்றிவிட்டு ஜெராக்ஸ் கடைதான் வைக்க வேண்டும்.

முத்துவேல் தாளை மேஜைமேல் வைத்தார். பழைய, தப்பான தாள். மூலையில் சந்தனப் பொட்டு வேறு. கோயிலில் வைத்துச் சாபம் விட்டுக் கொண்டுவந்திருக்கிறாரோ?

"இன்னா ஆடிட்டரே, இந்தத் தாளு இன்னா சொல்து?"

"தப்பா சொல்துண்ணா. சாஃப்ட்வேர் கோளாறு. மெட்ராஸ்காரன் பண்ண வேலை."

சாஃப்ட்வேர் வாயைத் திறக்காமல் பழியை ஏற்றுக்கொண்டது.

"நேத்து வந்துச்சே, அது?"

"அதுதாண்ணா கரெக்ட்டு. வரி சைபர். ஒரு பைசா கட்ட வேணாம்."

"சைபரு!" முத்துவேல் பல்லைக் கடித்தார். "கண்டக்டரு அத்த பஸ்ஸுல சத்தமா படிச்சிகினே வந்துகீறான். ஊரே கேட்டுச்சு."

மோகன்குமார் அவசரமாக டிராயரை இழுத்தான். "ஃபீஸைத் திருப்பிக் குடுத்துடறேண்ணா. விட்டுடுங்க. நான் ஆடிட்டரே இல்ல, பி.காமே முடிக்கல."

"அது ஊருக்கே தெரியும். பணத்த உள்ள வையி." முத்துவேல் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குந்தினார். "என் சகலை ரைஸ் மில்லு வச்சிகினு கீறான். இத்தினி வருசத்துல என்னைப் பாத்து ஒரு தபா எழுந்து நின்னதில்ல. சாமி படத்துக்குப் பக்கத்துல இந்தத் தாள மாட்டி வச்சேன். இம்மாம் வரி கட்டறவனான்னு வாயப் பொளந்துகினு படிச்சான். எனக்கு நாற்காலிய வுட்டுட்டு அவன் முக்காலில குந்தினான். உன் சைபரு வந்துச்சு, நாற்காலி போச்சு."

"அந்தத் தாள்படி போனா வரி கட்டணும்ணா!"

"கவர்மென்ட்டுக்கு சைபரையே அனுப்பு நைனா, யாரு வேணாண்ணது? எனக்கு இன்னாத்துக்கு அனுப்பறே? நேத்து வந்ததுதான் தப்புன்னு அதே கண்டக்டரு கைல சொல்லி அனுப்பு. சத்தமா சொல்லச் சொல்லு."

மோகன்குமாருக்கு மூச்சு வந்தது. ஆனாலும் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். "அப்போ... கீழ நிக்கிறவங்க?"

முத்துவேல் எட்டிப் பார்த்துக் கையசைத்தார். மஞ்சள் பைகள் பி.எஃப். சீட்டுகளோடு படியேறத் தொடங்கின.

"அல்லாருக்கும் இதே மாரி தப்பாப் போட்டுக் குடு, சரியாப் போடறதுக்குக் காஞ்சிபுரத்துல ஆளு கீறாங்க."