தகடு மேசைமேல் இருக்கிறது

உலோகம் அரிப்பதை ஆராயும் அரிமான ஆய்வகத்தில் தன்னைத் தவிர யாருக்கும் மூளை இல்லை என்று தலைமை ஆய்வாளர் முடிவுகட்டிப் பல வருஷம் ஆகிறது. உதவியாளரைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார், 'ஏம்மா'வோடு சரி. தொட்டியின் உப்புநீரில், மின்கம்பி மாட்டிய மக்னீசியத் தகடு தொங்கும். அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன், மேலே கவிழ்த்த அளவுக்குழாயில் சேரும். அரைமணிக்கொரு தடவை அவள் குனிந்து பார்த்து அளவை எழுதவேண்டும்.

"சார், வாயு கூடிக்கிட்டே போகுது."

"கூடத்தான் செய்யும். கரைக்கிற மாதிரி கரண்ட் ஏத்தினா மத்த உலோகத்துல குமிழி குறையும், மக்னீசியத்துல கூடும். இதுகூடத் தெரியாம சம்பளம் வாங்குற. பாத்ததை மட்டும் எழுது. யோசிக்க நான் இருக்கேன்."

"கரண்டை அப்பவே நிறுத்திட்டேன் சார். தகடும் மேசைமேல இருக்கு."

எழுந்து வந்தார். தகடு துணிமேல் காய்ந்து கிடந்தது. வெறும் உப்புநீரில் குமிழிகள் சரம்சரமாக ஏறின.

"ஒட்டியிருந்த காத்தும்மா இது! கலக்கிவிட்டாப் போயிடும்" என்று எகத்தாளமாகச் சிரித்தபடி, தொட்டிக்குள் கையை விட்டார்.

குமிழிகள் இப்போது அவருடைய நகக்கண்களிலிருந்து கிளம்பின. வலி இல்லை. விரலில் இறுகிக் கிடந்த மோதிரம் தானாகக் கழன்று அடியில் போய் உட்கார்ந்தது.

"ஏம்மா..." என்றார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அரைமணி ஆகியிருந்தது. குனிந்து, குழாயின் அளவைக் குறித்துக்கொண்டாள். பிறகு, பதிவேட்டில் 'சோதனை மாதிரி' என்ற கட்டத்தில் மக்னீசியம் என்றிருந்ததை அடித்துவிட்டு, அழகான கையெழுத்தில் 'சார்' என்று எழுதினாள்.