இன்னும் கொஞ்சம் வெள்ளை

“வீடெல்லாம் ஒரே புகையிலை நாத்தம்!” பையைக்கூடக் கீழே வைக்காமல் மகள் கத்தினாள்.

“பக்கத்து வீட்டுல இருந்து வருதோ என்னமோ,” என்றாள் அம்மா, இருமலை அடக்கிக்கொண்டு.

மகள் விடவில்லை. ஜன்னல் திரையை விலக்கினாள். அங்கே இருந்தது அப்பா புகைபிடித்த பைப், மீர்ஷாம் என்ற வெள்ளைக் கல்லில் செய்தது. அடியில் தேன் நிறம், மேலே இன்னும் வெள்ளை.

“சுடுது! இந்த வீட்டுல இதைப் பத்தவே வைக்கக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே?”

“புகையிலை வைக்கிற கிண்ணத்தைப் பிடிக்காதேடி! சூட்டோட பிடிச்சா விரல் தடம் பதிஞ்சிடும். தண்டைப் பிடி.”

“பேச்சை மாத்தாதே. தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னியே?”

“மனசு வரலை.”

மகள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அப்பா போயே ஆறு மாசம் ஆச்சும்மா. இந்தப் பாழாப்போன புகை உனக்கு எதுக்கு?”

அம்மா பைப்பை வாங்கி மெல்லிய துணியால் துடைத்தாள்.

“வாங்கினப்ப பால் மாதிரி இருந்துச்சு. பிடிக்கப் பிடிக்க நிறம் ஏறும், முழுசா ஏறினதும் விட்டுடறேன்னார். கடைசி ஒரு வருஷம் நான்தான் இதை ஒளிச்சு வச்சேன். பிழைச்சுக்குவார்னு நினைச்சேன். போறதுக்கு முந்தின நாள்கூட, ‘ஒரே ஒரு தடவை குடு’ன்னு கேட்டார். நான் குடுக்கலை.”



அம்மா அந்த வெள்ளையின் மேல் விரலை வைத்து அளந்தாள்.

“இன்னும் ஒரு விரல் அகலம்தான் பாக்கி. ஏறினதும் நானும் விட்டுடறேன்.”