பன்றி வழக்கில் பன்னிரண்டு பேர்

ஜூரிகளில் நான்கு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். வக்கீல் தியோஃபிலஸ் கிராஃப்டன் அதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, குரலை இன்னும் கொஞ்சம் நடுங்க விட்டார்.

ஒஹாயோ தனி மாநிலமாகிப் பத்து வருஷமாகியும் பிளம் க்ரீக்குக்கு நீதிமன்றக் கட்டடம் வரவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை நீதிபதி குதிரையில் வருவார், மதுக்கடையில் பீப்பாய்களை ஒதுக்கிவிட்டு நீதி வழங்குவார், அடுத்த ஊருக்குப் போய்விடுவார். இரண்டு முறையும் கிராஃப்டன் தவறாமல் தோற்பார். இன்றைக்கும் தோற்றால் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு மாமனாரின் உப்புக்கண்ட வியாபாரத்துக்கே போய்விட வேண்டியதுதான்.

ஆனால் இது தோற்கவே முடியாத வழக்கு. அவருடைய கட்சிக்காரன் அசா டன்லப், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கென்டக்கிக்காரன். பன்றி திருடினான் என்று அறுவடைக் காலத்தில் பிடித்து ஜெயிலில் போட்டிருந்தார்கள். பன்றிக்குச் சொந்தக்காரரான எனோக் ஸ்பிராட் இன்று காலை பைபிளில் கை வைத்துச் சொன்னார்:

"பன்னி வந்துடுச்சுங்க. போன வாரம் தானாவே காட்டுலேர்ந்து வந்துடுச்சு. காதுல நான் போட்ட வெட்டு அப்படியே இருக்கு. கூடவே குட்டிங்க வேற."

"அப்புறம் எதுக்குய்யா இங்க வந்தே?" என்றார் நீதிபதி.

"கோர்ட்டுன்னு கூப்பிட்டா வராம இருக்க முடியுங்களா?"

அதோடு கிராஃப்டன் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அது ஒரு வாரம் பாடுபட்டு எழுதிய உரை. அவர் தங்கியிருந்த மதுக்கடைக்கு அடுத்த கட்டடம்தான் ஜெயில். கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து அசா பிடிலை இழுப்பான், வாசலில் ஊரே குதித்து ஆடும், இவருடைய மைக்கூடு கவிழும். அவ்வளவு இம்சைக்கு நடுவே லத்தீனில் மேற்கோள் தேடிப் பிடித்த உரையை, கேவலம் ஒரு பன்றி வீடு திரும்பியதற்காகக் குப்பையில் போட முடியுமா?

ஆகவே பேசினார். ரோமாபுரி வீழ்ந்தது, சாக்ரடீஸ் விஷம் குடித்தார், சுதந்திரப் போரில் சிந்திய ரத்தம் இன்னும் காயவில்லை.

அசா அவருடைய கோட்டு வாலைப் பிடித்து இழுத்தான். "வக்கீலய்யா, பன்னிதான் வந்துடுச்சே! உக்காருங்களேன்."

"சும்மா இருடா. உன் மானத்தைக் காப்பாத்திக்கிட்டிருக்கேன்."

"மானம் கெடக்கட்டும். ஆறு உறையறதுக்குள்ள நான் வீடு போய்ச் சேரணும்."

"விடுதலை" என்று கிராஃப்டன் கையை உயர்த்தியபோது, ஜூரிகளில் கிழவர் ஒருவர் விம்மியே விட்டார். கிராஃப்டனுக்குப் புல்லரித்தது.

ஜூரிகள் பன்னிரண்டு பேரும் பின்கட்டில் இருந்த சோளக் கொட்டகைக்குப் போனார்கள். கதவைச் சாத்திய வேகத்திலேயே திறந்துகொண்டு வந்தார்கள். ஜூரித் தலைவர் ரூபன் ஹாட்ச், தோல் பதனிடுகிறவர். தொப்பியைக் கையில் சுழற்றினார்.

"எங்களால ஒத்துப் போக முடியலீங்க."

நீதிபதியின் புகைக்குழாய் வாயிலிருந்து நழுவியது. "யோவ், பன்னி திரும்பி வந்துடுச்சுய்யா!"

"கேட்டோமுங்க. இருந்தாலும் மனசுல ஒரு சந்தேகம்."

"என்ன சந்தேகம்?"

"அதுலதாங்க ஒத்துப் போக முடியல."

நீதிபதி ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். பனி மேகம் திரண்டிருந்தது. அடுத்த ஊருக்கு இருட்டுவதற்குள் போயாக வேண்டும். வழக்கை வசந்த காலத்துக்குத் தள்ளி வைத்தார். அதுவரை கைதி ஜெயிலில்தான் என்று சொல்லிக்கொண்டே குதிரையில் ஏறிவிட்டார்.

"பன்னி ஒரு வார்த்தை பேசல, அதுவே என்னைக் காப்பாத்திடுச்சு. நீங்க பேசித் தொலைச்சீங்களே!" என்று கத்திக்கொண்டே போனான் அசா.

கிராஃப்டன் இடிந்துபோய் உட்கார்ந்தார். உப்புக்கண்டத்தின் வாடை இப்போதே மூக்கில் ஏறியது. பிறகு அந்தக் கண்ணீர் நினைவுக்கு வந்தது. மெல்ல மெல்ல மார்பு விரிந்தது. எழுந்து போய், பீர்க் குவளையோடு நின்ற ஹாட்ச்சின் முதுகில் தட்டினார்.

"எனக்குப் புரிஞ்சுபோச்சுய்யா. தீர்ப்பு சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சுடும். வசந்தத்துல என் பேச்சை இன்னொரு தடவை கேக்கணும், அதானே?"

"உங்க பேச்சையா?" ஹாட்ச்சுக்குப் புரையேறியது. "நாங்க நேத்தே முடிவு பண்ணிட்டோம் வக்கீலய்யா. அவனுக்குக் குளிரக் கூடாதுன்னு ஜெயில் சுவத்து ஓட்டைக்கெல்லாம் புதுசா மண்ணு அப்பியாச்சு. அவன் பொண்டாட்டியக் கூட்டியாரவும் ஓடம் போயிருக்கு."

"அப்போ, நாலு பேர் அழுதீங்களே?"

"எங்க நீங்க ஜெயிச்சுத் தொலைச்சிடுவீங்களோன்னுதான்."

"அவன் குத்தமே செய்யலய்யா!"

"அது எங்களுக்குத் தெரியாதா?" ஹாட்ச் குவளையைக் கீழே வைத்தார். "குளிர்காலம் பூரா ஊர்ல கல்யாணம் வெச்சிருக்கோம். நீங்க வந்து பிடில் வாசிப்பீங்களா?"