ராமன் பிறந்த வருஷம்

"அடக் கடவுளே, இன்னிக்கும் தப்பா!"

மாலதி தலையில் அடித்துக்கொண்டாள். கடலூரில் அந்தக் கிளை நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. சிதம்பரத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வருகிறாள். வந்ததும் கண்ணில் படுவது வாசலில் இருக்கும் 'வரலாற்றில் இன்று' போர்டு. நூலகர் லோகநாயகி தினமும் எழுதி வைப்பது.

இன்றைக்கு நவம்பர் 7. மேரி கியூரி பிறந்தது 1867. சரி. சர் சி.வி.ராமன் பிறந்தது 1889. தப்பு!

ஒரு நாள் தவறினால் போகட்டும். தினமும் ஒன்று தவறுகிறதே! எட்டு மணி ஆனால் ஓய்வுபெற்ற வாத்தியார் பொன்னுரங்கம் வந்துவிடுவார். கண்ணாடியை மாட்டி, தப்பைக் கண்டுபிடித்து, சாக்பீஸால் திருத்தி, "ஏம்மா லோகநாயகி, இதுகூடவா தெரியாது?" என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பேப்பர் படிக்க உட்காருவார். இந்த அம்மாவோ கொஞ்சமும் வெட்கமில்லாமல் சிரிப்பாள். மாலதிக்குத்தான் மானம் போகும்.

இன்றைக்கு அவள் முந்திக்கொண்டாள். 9-ஐ அழித்து 8 போட்டாள்.

பொன்னுரங்கம் வந்தார். மேலிருந்து கீழே மூன்று தடவை படித்தார்.

"எல்லாம் சரியா இருக்கே..."

முகம் தொங்கிப்போயிற்று. உள்ளே வராமலே திரும்பி நடந்தார்.

லோகநாயகி பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "யாரு மாலதி இதுல கை வச்சது?"

"நான்தான்க்கா. தினமும் அவருகிட்ட பேச்சு வாங்கணுமா?"

"வேணும்னேதான்டி தப்பா எழுதறேன். சம்சாரம் செத்ததுலேர்ந்து வீட்டைவிட்டே வராத மனுஷன். ஒருநாள் இந்தப் பக்கமா போனவரு, நான் கைதவறி எழுதின வருஷத்தைத் திருத்திட்டு உள்ள வந்தாரு. ஒரு மணி நேரம் பேசிட்டுப் போனாரு. ரெண்டு வருஷமா தப்பு போட்டுத்தான் அவரை வர வைக்கிறேன். இனிமே வருவாரோ, மாட்டாரோ!"

மாலதி உடனே தெருவில் இறங்கி ஓடினாள். டீக்கடை முனையில் அவரைப் பிடித்துவிட்டாள்.

"சார், மன்னிச்சிடுங்க. அக்கா தப்பாத்தான் எழுதியிருந்தாங்க. நான்தான் சரி பண்ணிட்டேன்."

"அப்ப தப்பு இருந்துச்சா?" பெரியவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"தப்பு இருந்தா உங்களுக்கு இவ்வளவு சந்தோஷமா சார்?"

"முப்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தினவன்மா நான். தெரியாம வர்ற தப்பு எது, வேணும்னே போடற தப்பு எதுன்னு தெரியாதா? முதல் வாரமே கண்டுபிடிச்சிட்டேன். காலையில எழுந்ததும் எனக்காக ஒருத்தங்க உக்காந்து, யோசிச்சு ஒரு தப்பு எழுதறாங்களே, அந்தச் சந்தோஷத்துலதான் தினமும் வர்றேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு எல்லாம் சரியா இருந்துச்சா... என்னை மறந்துட்டாங்களோன்னு பயந்துட்டேன்மா!"