திரும்பி வருவதற்கு உத்தரவாதம்

"கடைசி வரி வலுவா இல்லியே, சம்பத்" என்று பேனாவைத் திறந்தார் புவியியல் பேராசிரியர் யக்ஞநாராயணன்.

ஏரிக்கரையில் முளைத்த பதினாலு குடிசைகளை அகற்றச் சொல்லி, காலனி சங்கம் கலெக்டருக்கு எழுதிய மனு அது. சங்கச் செயலாளர் சம்பத் அதைத் திருத்தி வாங்க வந்திருந்தார்.

"மூணு வருஷமா மழையில்லேன்னு தர்மபுரி பக்கத்துலேர்ந்து வந்தவங்க, சார். பாவம்தான். அதுக்காக நம்ம காலனியைப் பாக்க வேணாமா?"

பேராசிரியர் ஒரு வரி சேர்த்தார். 'மழை பெய்தாலும் இவர்கள் ஊர் திரும்புவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.'

"ப்ரொபசர்னா ப்ரொபசர்தான்!" சம்பத்துக்கு வாயெல்லாம் பல்.

"டைப் அடிச்சு சாயங்காலம் கொண்டு வாங்க, கையெழுத்துப் போடறேன். இப்ப எனக்கு விசா இன்டர்வியூ."

ஐரோப்பாவில் சர்வதேச மாநாடு. வறட்சியாலும் வெள்ளத்தாலும் ஊரை இழந்தவர்களுக்கு எல்லா நாடுகளும் கதவைத் திறக்க வேண்டும் என்று நாற்பது பக்கக் கட்டுரை எழுதி வைத்திருந்தார். நல்ல கட்டுரை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாலை எலெக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரம் திரும்பியவர், செருப்பை மூலைக்கொன்றாக உதறினார்.

"என்னன்னா ஆச்சு?" என்றாள் மனைவி அபிதகுஜாம்பாள்.

"விசா கிடையாதுன்னுட்டான்! போனா நான் திரும்பி வருவேன்கறதுக்கு உத்தரவாதம் இல்லியாம். என்னைப் பாத்து! சொந்த வீட்டை விட்டுட்டு எவனாவது ஊரான் இடத்துல போய் ஒட்டிண்டு கிடப்பானா?"



அந்த நேரம் பார்த்து சம்பத் உள்ளே வந்தார். "டைப் ஆயிடுச்சு, சார். உங்க கையெழுத்துதான் பாக்கி."

மனுவை வாங்கிய பேராசிரியரின் கண், தான் சேர்த்த வரியில் போய் நின்றது. பேனாவை அவர் திறக்கவில்லை.

கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அஞ்சம்மாள் எழுந்து வந்தாள். பதினாலில் ஒரு குடிசை அவளுடையது. எழுதப் படிக்கத் தெரியாது.

"நல்லா கேட்டீங்கய்யா! சொந்த ஊரை வுட்டுட்டு ஆசைப்பட்டா வெளியூர்ல போய் குந்திக்கினு இருப்பாங்க? எங்களுக்குத் தெரியாதா அந்த வலி? ஐயா கண்டிப்பா திரும்பி வந்துடுவாருன்னு நான் கைநாட்டு வெக்கறேன்."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த காகிதத்துக்கு நேராகக் கட்டைவிரலை நீட்டினாள்.

"இதுலதானேய்யா வெக்கணும்?"