பின்வாசல் ஈரம்

“ஐயோ, அலமாக்! இன்னைக்கும் ஈரம்! அப்பா, இந்த நாயை என்னதான் பண்றது?”

பின்வாசல் கதவருகே ஒற்றைக் காலில் நின்று கத்தினான் மரியநாதன். மிதித்த காலை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று புரிந்துகொண்ட டிக்கி, வாலை ஒடுக்கிக்கொண்டு நாற்காலிக்கு அடியில் புகுந்தது.

பிழிந்த வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டுப் படியேறி வந்தார் செபஸ்தியன். பாலோ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்து, ஆபீஸ் கணக்கெல்லாம் பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வேலையில் இப்போது மகன். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாத மனிதர். நாய் உரசின வேட்டியைப் பெண்கள் தொடக்கூடாது என்று, டிக்கி வந்த நாளிலிருந்து விடியுமுன் அவரே குழாயடியில் அலசிவிடுவார்.

“துரை நம்மளை நம்பி விட்டுட்டுப் போன ஜீவன்டா. பழக்கினா பழகிடும்.”

“அவர் எங்க நம்பி விட்டாரு? நீங்கதானே முந்திக்கிட்டுப் போய் நின்னீங்க!”

அது உண்மைதான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்கு லீவில் புறப்படும்போது, “நாயை யார் பார்த்துக்கொள்வது?” என்று கேட்டார். ஆபீஸ் முழுவதும் தரையைப் பார்த்தது. நாய் படியில் கால் வைத்தாலே தடியைத் தூக்கும் செபஸ்தியன்தான், வழியனுப்ப வந்த இடத்தில், தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னே போய், “நான் வைத்துக்கொள்கிறேன்” என்றார். குடும்பத்துக்கு ஒரு பெருமை என்று நினைத்தார் போலும் என்று வீட்டார் எண்ணிக்கொண்டார்கள்.

“ஞாயித்துக்கிழமை சிகாமட்லேருந்து நம்ம ஐலீனைப் பாக்க வர்றாங்கப்பா. கூடத்துல மூத்திர நாத்தம் அடிச்சா, வீடு வச்சிருக்கிற லட்சணத்தைப் பாருன்னு காப்பியைக்கூடத் தொடாம எழுந்திருச்சிப் போயிடுவாங்க.”

பெரியவர் தரையிலிருந்த ஈரத்தையே பார்த்தார். பேத்தியின் சம்பந்தம் தன் வீட்டுக் கூடத்து நாற்றத்தால் முறிவதா?

மருமகள் அந்தோணியம்மாள் வாளியும் துணியுமாக வந்து குனிந்தாள். “சத்தம் போடாதீங்க. வாயில்லாத ஜீவன். முத்தத்துக்குக் கூட்டிட்டுப் போய்ப் பழக்குவோம்.”

மூவரும் நாயை முற்றத்தில் இறக்கினார்கள். அது நடுவில் நின்று எல்லோர் முகத்தையும் பார்த்தது.

“கோ, டிக்கி! கோ!” பழைய கிராணியின் அதட்டல் ரப்பர் காட்டில் மோதித் திரும்பியது. டிக்கி மரியாதையாக உட்கார்ந்துகொண்டது.

அந்தோணியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது எப்படிப் போகும் மாமா? நான்தான் தினம் கூட்டி, சாணி தெளிச்சு, வீட்டுத் தரையைவிடச் சுத்தமா வச்சிருக்கேனே! பங்களாவுல புல்லுல போய்ப் பழகினது. இதையும் கூடம்னு நினைச்சு அடக்கிக்கிட்டு நிக்குது, பாவம்.”

மரியநாதன் மண்வெட்டியை எடுத்தான். வேலியோரத்துப் புல்லை மண்ணோடு பெயர்த்து வந்து ரம்புத்தான் மரத்தடியில் பரப்பினான். டிக்கி மோந்து பார்த்தது, இரண்டு சுற்றுச் சுற்றியது, காலைத் தூக்கியது.

“போயிடுச்சு! போயிடுச்சு!” மரியநாதன் குழந்தை போலக் கை தட்டினான்.

செபஸ்தியன் மட்டும் சிரிக்கவில்லை. “ஒரு தடவைதானே? நாய்ப் புத்தி. அதுக்குள்ள நம்பிடாதே” என்றார்.

அவர் சொன்னதுதான் பலித்தது. அன்று முதல் டிக்கி புல்லைத் தேடித் தானாக ஓடியது. ஆனாலும் விடிந்தால் பின்வாசலில் ஈரம் இருந்தது.

“வெளியிலயும் போகுது, உள்ளயும் போகுது! துரை வீட்டுத் திமிரு!” வெள்ளிக்கிழமை சாயங்காலம் மரியநாதன் நாயின் கழுத்தில் கயிற்றை மாட்டினான். “துரை வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரி டிரெசர் வீட்ல இருக்கட்டும்.”

“கூடாது!” பெரியவரின் தடி பலகைத் தரையில் இடித்தது. “வாக்குக் கொடுத்தது நான்!”

“வாக்கு எங்கயும் போயிடாதுப்பா. துரை வந்தா நாயைக் குளிப்பாட்டிக் கொண்டுபோய் விட்டுடலாம்.”

“மரியா... இன்னும் ஒரு வாரம். நானே பழக்கிடுறேன்டா.”

யாரிடமும் எதையும் கெஞ்சாத குரல் அது. மருமகள் திரும்பிப் பார்த்தாள். மகனோ நாயை இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

மறுநாள், பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள். மரியநாதன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்து பின்வாசலுக்குப் போனான். கால் வழுக்கியது.

“இதென்ன கூத்து? நாய்தான் இங்க இல்லியே!”

கூடத்துக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த செபஸ்தியன் இமைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

அடுப்படியிலிருந்து அந்தோணியம்மாள் ஓடி வந்தாள். “நான்தாங்க. குடத்தைத் தூக்கிட்டு வர்றப்ப தளும்பிக் கொட்டிடுச்சு. நீங்க கிளம்புங்க, பெரட்டுக்கு நேரமாச்சு.”

மரியநாதன் முணுமுணுத்துக்கொண்டே ஆள் கணக்கெடுக்கப் போனான். அவன் தலை மறைந்ததும் அவள் தரையைத் துடைத்தாள். பிறகு கட்டிலருகே வந்து, மாமனாரின் முகத்தைப் பார்க்காமல், கட்டிலுக்கு அடியில் சுருட்டி ஒளித்திருந்த ஈர வேட்டியை, அது அங்கேதான் இருக்கும் என்று என்றைக்கோ தெரிந்தவள்போல, நேராகக் கை நீட்டி எடுத்துக்கொண்டாள்.

“இதை அலசிப் போட்டுட்டு, டிரெசர் வீட்டுக்குப் போய் டிக்கியைக் கூட்டிட்டு வந்துடுறேன் மாமா. நாளைக்குச் சம்பந்தக்காரங்க வர்றப்ப, நம்ம வீட்ல ஒரு நாய் இருக்க வேணாமா?”